சரிவெல்லாம் கேட்ட ஓடிபி

என் ஓரகத்திக்குத் தொண்டை பெரிது. என் கொழுந்தனுக்கு அவளைப் பெண் பார்க்கப் போனபோது வாயே திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அடக்கமான பெண் என்று என் மாமியார் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். அன்றைக்கு அவளுக்குத் தொண்டைக் கட்டு என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே ஒரு சரிவில் எனக்குக் கொஞ்சம் தேயிலை உண்டு. அதை ஒட்டி அவளுடையது. எல்லையில் நின்ற சில்வர் ஓக் மரத்தை அவள் ஆள் வைத்து வெட்டியதிலிருந்து நாங்கள் பேசுவதில்லை. சண்டை போடுவதை நான் பேச்சில் சேர்ப்பதில்லை.

தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம் அது. விலை வரட்டும் என்று மூட்டை கட்டி வைக்க இது நெல் அல்ல. பச்சை இலையைப் பறித்த அன்றைக்கே ஃபேக்டரிக்குக் கொடுத்தாக வேண்டும். பறிக்காமல் விட்டால் செடியிலேயே முற்றிவிடும். முற்றிய இலையை ஃபேக்டரிக்காரர்கள் கையால்கூடத் தொட மாட்டார்கள், காலால் தள்ளுவார்கள். அவர்களுக்கும் தூள் விற்காமல் குடோனில் குவிந்து கிடந்தது. அதனால் எல்லோருடைய இலையையும் எடுக்க முடியாது என்று கோட்டா போட்டார்கள். யாருடைய இலை வண்டியில் ஏறும், எவ்வளவு ஏறும் என்பதுதான் கோட்டா. கோட்டா இருந்தால் தேயிலைக்காரி. இல்லாவிட்டால் புதருக்குக் காவல்காரி.

முதலில் கோட்டாவை நோட்டில்தான் எழுதினார்கள். நோட்டில் அடித்துத் திருத்துகிறார்கள் என்று புகார் போனது. புகார் சொன்னவர்களில் என் சத்தம்தான் அதிகம். அதனால் ஃபேக்டரியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீசரைப் போட்டார்கள். கோயமுத்தூர்க்காரர். காதை மூடிய குல்லாயைக் கழற்றாமலே எங்களை இலை செட்டில், அதாவது எடை போடுகிற கொட்டகையில், நிற்க வைத்து விளக்கினார்.

"இனிமே எல்லாக் கணக்கும் கிளவுட்ல இருக்குமுங்க. யாரும் திருட முடியாது, அழிக்க முடியாது."

"கிளவுட்டு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"எங்கயோ இருக்குமுங்க. மும்பைல இருக்கலாம், வெளிநாட்டுல இருக்கலாம். அது நமக்குத் தெரியாது."

"என்ற இலைக் கணக்கு எங்க கெடக்குதுன்னு உங்களுக்கே தெரியாது. அதுதான் பத்திரமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குச் சொன்னாப் புரியாதுங்க அம்மிச்சி," என்றார். அன்றைக்கே அவரை எனக்குப் பிடிக்காமல் போயிற்று. எனக்குப் புரியாதது நிறைய உண்டு. அதை அடுத்தவர் சொல்லக் கூடாது.

இலை எடை போட்டாலும் சரி, கணக்கில் வேறு எதை மாற்றினாலும் சரி, இலைக்காரரின் செல்லுக்கு ஓடிபி என்று ஒரு நம்பர் வரும். அந்த நம்பர் இல்லாமல் கிளவுட்டில் ஒன்றும் ஏறாது. எங்களில் பாதிப் பேருக்குச் செல்லில் பேச மட்டும்தான் தெரியும். அதனால் எங்களுக்காக எல்லாவற்றையும் இலை ஏஜெண்டே தன் செல்லில் செய்து தரலாம் என்று ஏற்பாடு. ஏஜெண்ட் என்றால் ஃபேக்டரி வண்டியோடு வந்து தராசு பிடிக்கிற ஆள். மீசையைவிட நாக்கு நன்றாக வளர்ந்தவன். மழையில் நான் ரோட்டைக் கடந்தால் குடையோடு ஓடி வருவான். "அம்மிச்சி பாத்துங்க, வழுக்குது," என்பான். பெற்ற மகன் இப்படிச் சொன்னதில்லையே என்று எனக்குக் கண் கலங்கும்.

ஆபீசர் ஒன்றை மறந்துவிட்டார். எங்கள் சரிவில் டவர் எடுக்காது. ரோட்டு வளைவில் ஒரே ஓர் இடத்தில்தான் செல்லில் கோடு நிற்கும். அந்த இடத்தில் என் ஓரகத்தியின் டீக்கடை இருந்தது. கடவுள் தன் பக்கம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். ரோட்டை அங்கே வளைத்துப் போட்ட காண்ட்ராக்டருக்குக் கடவுள் பட்டம் கிடைத்தது அப்படித்தான்.

ஆக, இலை எடை போடுகிற நாளில் எல்லோரும் காலையிலேயே செல்லை அவள் கடையில் விட்டுவிட்டு மேலே பறிக்கப் போய்விடுவோம். கடைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் ஈரம் படாமல் ஒரு பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ஒரு செல். என்னுடையது ஜவுளிக்கடைக் கவர். வேண்டுமென்றே அதை மீன் வாங்கிய கவருக்குப் பக்கத்தில் மாட்டுவாள்.

செல்லில் ஓடிபி வந்ததும் அதைப் பார்த்து, ரோட்டுக்கு எதிரே இலை செட்டில் நிற்கும் ஏஜெண்டிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஆபீசர் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, ஓடிபிய ஏஜெண்ட்கிட்ட எல்லாம் நீங்க சொல்லக் கூடாதுங்க. அது ரகசியம். இலைக்காரங்க யாரோ அவங்களுக்கு மட்டும்தான் சொல்லோணும்."

என் ஓரகத்தி சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள். மறுநாளிலிருந்து இலைக்காரர்களுக்கு மட்டும்தான் சொன்னாள். கடை வாசலில் வந்து நிற்பாள். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொள்வாள். மேலே சரிவில் யார் பறிக்கிறார்களோ அவர்களைப் பார்த்துக் கூவுவாள்.

"அக்கோவ், உங்க ஓடிபி வந்திருச்சுங்கோ. நாலூ, ஏழூ, ரெண்டூ..."

மேலே இருப்பவர் கையைத் தூக்கி "சரி" என்பார். சம்மதம் ஆயிற்று. கீழே ஏஜெண்ட் நம்பரைப் போட்டுக்கொள்வான். பள்ளத்தில் முட்டைக்கோசுக்கு மருந்து அடிக்கிறவருக்கும் அந்த நம்பர் தெரியும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் அதை வாய்ப்பாடு போலத் திருப்பிச் சொல்லிக்கொண்டு போவார்கள். ஆபீசர் சொன்னபடி ஏஜெண்டிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தது. கொழுந்து நன்றாக விட்டிருந்தது. நான் பறித்துக் கட்டி அனுப்பிய மூட்டை இலை செட்டிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. கீழே போய் ஏஜெண்டைக் கேட்டேன்.

"உங்க பேருல கோட்டா இல்லீங்களே அம்மிச்சி. கிளவுட்ல காட்ட மாட்டேங்குது," என்றான். முகத்தில் அவ்வளவு வருத்தம்.

"போன வாரம் இருந்துச்சே."

"இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க. ஆபீசுல போய்க் கேளுங்க. வெயிலா இருக்குது, குடை வேணுமுங்களா?"

பஸ் பிடித்து ஃபேக்டரிக்குப் போனேன். ஆபீசர் கம்ப்யூட்டரைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார்.

"நீங்களே உங்க கோட்டாவ இன்னொருத்தர் பேருக்கு மாத்திக் குடுத்திருக்கீங்க. ஓடிபி சரியா வந்திருக்குது."

"நானா? யாருக்குக் குடுத்தேன்?"

"அத நான் சொல்லக் கூடாதுங்க. அது அவங்க ப்ரைவசி."

"திருடுனவனுக்கு ரகசியம் இருக்குது. பறிகுடுத்தவளுக்கு இல்லீங்களா?"

"திருட்டுன்னு பேசாதீங்க. கிளவுட்ல திருட்டு நடக்காது. உங்க செல்லுக்கு வந்த மெசேஜ்லயே தெளிவாப் போட்டிருக்குதுங்களே, கோட்டா மாத்தறதுக்கான ஓடிபின்னு."

"எந்த பாஷைல போட்டிருக்குது?"

"இங்கிலீஷ்லதான்."

"நான் படிச்சது ரெண்டாங்கிளாசுங்க. அதுலயும் பாதி நாளு லீவு. என்னமோ போகட்டும், திருப்பி மாத்திக் குடுங்க."

"என்ற கையில ஒண்ணுமே இல்லீங்க. இப்ப கோட்டா யாரு பேருல இருக்குதோ, அவங்க செல்லுக்குத்தான் ஓடிபி வரும். அவங்க சொன்னாத்தான் திரும்பும்."

வீட்டுக்குள் புகுந்தவன் பூட்டை மாற்றிவிட்டான். வீட்டுக்காரி உள்ளே போக அவனிடமே சாவி கேட்க வேண்டும். அவன் யார் என்றும் சொல்ல மாட்டார்களாம். நான் எழுந்து நின்று ஆபீசரின் குல்லாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

யார் செய்திருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நேரே டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். இருந்தது நல்லதுதான்.

"ஏ புள்ள, என்ற கோட்டாவ யாருக்குத் தூக்கிக் குடுத்த?"

பாலை ஆற்றிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஏனுங்கக்கா, காத்தால பல்லு வெளக்குனீங்களா? பேச்சு நாறுதுங்க."

எங்கள் கொங்குப் பேச்சில் மரியாதையைக் கொஞ்சமும் குறைக்காமல் செருப்பால் அடிக்கலாம்.

"உன்ற ஆணியிலதானே என்ற செல்லு தொங்குது. ஓடிபி உனக்குத்தானே மொதல்ல தெரியுது."

"மொதல்ல எனக்குத் தெரியும். அப்பறம் உங்களுக்குத் தெரியும். அப்பறம் கோத்தகிரி பஸ்ஸுல போற கண்டக்டருக்குத் தெரியும். இத்தன செல்லு தொங்குது, எடுக்கறவ உங்களுதயா எடுப்பேன்? உங்க இலைய ஆடு மோந்து பாத்துட்டு அக்கட்டால போயிருதுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் டீயைக் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"மழை பேஞ்ச அன்னைக்கு உங்க ஓடிபின்னு கூவுனனே, கையத் தூக்கி சரின்னீங்களா இல்லீங்களா?" என்றாள்.

"சொன்னேன்."

"அப்ப உங்க மூட்டை எங்க இருந்துச்சு?"

யோசித்தேன். அன்றைக்கு மழைக்குப் பயந்து மூட்டையைச் செடிக்கடியில் மூடி வைத்திருந்தேன். தராசுக்கு அது போகவே இல்லை. "செடிக்கடியில," என்றேன். அவள் விடவில்லை.

"மூட்டை மேல இருக்குது, எடையே போடல. எதுக்குன்னு கேக்காம சரின்னு எதுக்குச் சொன்னீங்க?"

"நீ கூவுனாக் கை தன்னால தூக்குது. கொசு கடிச்சா எதுக்குக் கடிக்கறேன்னு கேட்டா சொறியறோம்?"

"நான் கொசுங்களா?"

"கொசுவாட்டம் இருந்தாப் பரவாயில்லயே, அது சின்னதா இருக்குமே."

அவள் உடம்பு கொஞ்சம் கனம். பெஞ்சில் ஒருத்தருக்குப் புரையேறியது. அவள் என் செல்லை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் திணித்தாள். நான் அதை வாங்கித் திரும்ப ஆணியிலேயே மாட்டினேன். வேறு எங்கே கொண்டுபோய் மாட்டுவது?

மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. பறித்தால் ஏற்ற முடியாது. மேலே நின்று பார்த்தால் கொழுந்து விரிந்து விரிந்து முற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை வீணாக்க வேண்டாம் என்று, எடை போடுகிற நாளிலெல்லாம் அவள் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டேன். டீ குடிக்க வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்தக் கடைல செல்லு வெச்சிருக்கீங்களா? வெச்சுக்கங்க வெச்சுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல," என்பேன். ஒன்றும் சொல்லாமலே பாதிப் பேர் அவளைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவள் முகம் அடுப்புச் சட்டி போல ஆனது. எனக்கு மட்டும் டீயில் சர்க்கரை விழவில்லை.

அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது என் தலைக்கு மேலே ஒரு செல் சிணுங்கியது. எங்கள் தோட்டத்துக்கு மேலே தேயிலை வைத்திருக்கும் மேல் காட்டுக்காரருடைய செல். அவர் வயசாளி. காது சுத்தமாகக் கேட்காது. சரிவில் யார் எதைக் கூவினாலும் கையை ஆட்டிவிடுவார். என் ஓரகத்தி செல்லை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் எதிரே தராசைப் பார்த்தாள். தராசில் ஒன்றும் இல்லை. மேல் காட்டுக்காரரின் மூட்டை இன்னும் கீழே இறங்கவே இல்லை. செல்லைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். வாசலுக்குப் போய்க் கையைக் குவித்தாள்.

"ஏனுங் மாமோவ், உங்க ஓடிபி. ஒம்போதூ, ஒண்ணூ, ஒண்ணூ, மூணூ..."

மேலே அவர் கையை ஆட்டினார்.

எனக்குப் படிப்பு வராவிட்டாலும் நம்பர் தெரியும். செல் என் கண்ணுக்கு நேரே தொங்கியது, வெளிச்சம் இன்னும் அணையவில்லை. அதில் ஒன்பதும் இல்லை, ஒன்றும் இல்லை. இவள் வாய்க்கு வந்ததைக் கூவியிருந்தாள். திருடி, கையும் களவுமாக மாட்டினாள் என்று நான் எழுந்தேன். ஊரைக் கூப்பிட வாயைத் திறந்தேன்.

அதற்குள் எதிர்ப்பக்கம் இலை செட்டிலிருந்து சத்தம் வந்தது.

"அக்கா, அந்த நம்பரு தப்புங்க. இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்க."

ஏஜெண்ட்தான். கையில் செல்லோடு நின்றான்.

என் வாய் திறந்தபடியே நின்றது. என் ஓரகத்தி ரோட்டைக் கடந்து அவனிடம் போனாள். கையில் டீ வடிகட்டி. கூவினவள் அப்போது மெதுவாகப் பேசினாள். அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது கண்ணு?"

"இல்லீங்கக்கா, எடைக்கு..."

"தராசுல ஈ கூட உக்காரலயே. எதயப்பா எடை போட்ட?"

செல்லைப் பின்னால் மறைக்கப் பார்த்தான். வடிகட்டியால் மணிக்கட்டில் ஒன்று போட்டு வாங்கிவிட்டாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அப்போதுதான் மேல் காட்டுக்காரரின் மருமகள் இறங்கி வந்தாள். பிளஸ் டூ படித்தவள். மூட்டையை இறக்கிவிட்டு, செல்லை வாங்கிப் படித்தாள். "எங்க மாமனாரு கோட்டாவ மாத்தறதுக்குன்னு போட்டிருக்குதுங்க," என்றாள். யார் பெயருக்கு மாறுகிறது என்பதையும் படித்தாள். கீழ்ப் பள்ளத்தில் தேயிலை வைத்திருந்த ஏஜெண்டின் மச்சான்.

"என்றதும் அங்கதான் போச்சா?" என்று கேட்டேன்.

ஏஜெண்ட் தராசுத் தட்டைப் பார்த்தே பதில் சொன்னான். "மச்சானுக்குக் கோட்டாவே வரலீங்க அம்மிச்சி. சின்னக் கொழந்தைங்க இருக்குது, தோட்டம் முச்சூடும் முத்திப் போயிருச்சு. உங்களுக்கென்னங்க, மகன் திருப்பூர்ல சம்பாதிக்கறாரு."

"என்ற மகன் அங்க பனியன் தைக்கறான். அந்தப் பனியனயா உன்ற தராசுல போடுவேன்?"

அவன் எனக்குக் குடை பிடித்த ஒவ்வொரு தடவையும் நினைவுக்கு வந்தது. நனைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் செல்லோடு ஃபேக்டரிக்குப் போனோம். நானும் என் ஓரகத்தியும் ஒரே பஸ்ஸில், வேறு வேறு சீட்டில். தன் பெயரைக் காப்பாற்றத்தான் வருவதாகவும், எனக்காக இல்லை என்றும் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

ஆபீசர் பழைய பாட்டையே பாடினார். என் கையில் ஒன்றும் இல்லை, கிளவுட், ஓடிபி, ப்ரைவசி. என் ஓரகத்தி தன் இயற்கையான குரலில் பதில் சொன்னாள். பக்கத்து அறையிலிருந்து முதலாளியே எழுந்து வந்துவிட்டார். ஏஜெண்டின் செல்லைப் பார்த்தார். மேல் காட்டுக்காரரின் பெயரையும் மச்சானின் பெயரையும் பார்த்தார்.

"அந்தம்மாவோட கோட்டாவ மாத்திக் குடுப்பா. அந்தாளு இனி தராசுப் பக்கம் வரக் கூடாது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீசர் கம்ப்யூட்டரில் நாலு தட்டுத் தட்டினார். நான் முந்தானையைச் சரிசெய்வதற்குள் "ஆச்சுங்க," என்றார்.

"ஓடிபி வரலீங்களே?"

"நான் அட்மினுங்க. எனக்கு ஓடிபி வேண்டியதில்ல."

"அன்னைக்கு உங்க கையில ஒண்ணுமே இல்லன்னீங்க."

"அது ரூல்ஸ்படி சொன்னதுங்க."

"அப்ப நீங்க நெனச்சா, யாரு கோட்டாவ வேணும்னாலும் அவங்களக் கேக்காம மாத்தலாமுங்களா?"

"முடியுமுங்க. ஆனா நான் அப்படி எல்லாம் பண்ண மாட்டேன்."

"அந்த ஏஜெண்டும் பண்ண மாட்டான்னுதாங்க நெனச்சிட்டிருந்தோம்."

அவருக்கு முகம் சிவந்தது. குல்லாயை அப்போதுதான் முதல் தடவையாகக் கழற்றினார். தலையில் பாதி முடி இல்லை. பாவமாக இருந்தது, ஆனால் நான் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரிங்க அம்மிச்சி. இனி ஓடிபி மட்டும் பத்தாது. தனியா ஒரு பாஸ்வேர்டு வெச்சுக்கலாம். அதப் போடாம உங்க கணக்குல எதுவும் ஏறாது. உங்களுக்குப் புடிச்சதா எதாச்சும் சொல்லுங்க, நானே போட்டுத் தர்றேன்."

நான் அவரைப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவளைப் பார்த்தேன். அவள் எந்தப் பக்கமிருந்து அடிப்பாள், எதைக் கொண்டு அடிப்பாள், எவ்வளவு வலிக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்த மனுஷன் எந்தப் பக்கம் என்பதே தெரியவில்லை.

"ஏ புள்ள, நீ வந்து போடு," என்றேன்.

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆபீசரை எழுந்து சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னாள். என்னையும் தள்ளி நிற்கச் சொன்னாள். தன் உடம்பால் கம்ப்யூட்டரையே மறைத்துக்கொண்டு, ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினாள். அந்த உடம்பைத் தாண்டி எதையும் எட்டிப் பார்க்க முடியாது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கேட்டேன். "என்ன போட்ட?"

"சொல்ல மாட்டேனுங்க. யாருக்கும் சொல்லக் கூடாதாம்."

"என்ற கோட்டாவோட பாஸ்வேர்டுடி அது."

"ஆமாங்க. உங்க வாயில அது நிக்காதுங்க."

முற்றிய இலையை எல்லாம் கவாத்துக் கத்தியால் வெட்டிச் செடிக்கடியிலேயே போட்டேன். மறுபடி துளிர்த்து வந்த கொழுந்து புது ஏஜெண்டின் தராசில் ஏறியது. என் மூட்டை தராசில் ஏறும்போதெல்லாம் அவள் கடையை விட்டு இறங்கி வந்து, ஏஜெண்டின் செல்லை முந்தானையால் மூடிக்கொண்டு பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போவாள். இன்று வரைக்கும் அது என்ன என்று சொல்லவில்லை. நானும் அவளோடு பேசுவதில்லை. ஆனால் அவளுக்குச் சளி, காய்ச்சல் என்றால் சுக்கு தட்டிக் கஷாயம் வைத்துக்கொண்டு முதலில் ஓடுவது நான்தான். அவள் பாட்டுக்கு என்னவோ ஆகித் தொலைத்தால் என் இலை அல்லவா நின்றுபோகும்.